தாமு–மோரே எல்லை வாயில்: ஒரு கரையில் மட்டும் எழுந்த சாவடி

2019 ஜனவரி 4 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி மணிப்பூருக்கு வந்து, பர்மா எல்லையை ஒட்டிய மோரேயின் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைத் திறந்துவைத்தார். சுங்கம், குடிநுழைவு, தாவர நோய்த் தடுப்பு, சரக்குக் கிடங்கு, லாரி நிறுத்துமிடம், பயணிகள் கூடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் வந்தன. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒவ்வொரு கட்டடமாக அலைந்து பழகியவர்களுக்கு அது பெரிய மாற்றம்தான். பதினான்கு மாதங்கள் கழித்து, 2020 மார்ச்சில், கொரோனாவை முன்னிட்டு எல்லை மூடப்பட்டது. பெருந்தொற்றும் அதையடுத்துப் பர்மாவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பும் வராதிருந்தால் இந்தச் சாவடி ஓகோவென்று நடந்திருக்கும் என்று சொல்பவர்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திறந்திருந்த அந்தப் பதினான்கு மாதங்களிலேயே அதன் குறை தெரிந்துவிட்டது. எல்லையின் ஒரு பக்கத்தில் மட்டும், அந்த எல்லையைக் கடக்கும் ஒரு வகைப் போக்குவரத்துக்காக மட்டும் அது கட்டப்பட்டிருந்தது.

யாங்கூனில் பருப்பு மண்டியில் கணக்கெழுதும் ஒரு தமிழனுக்கு மோரேக்கு எதிரே, பர்மாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் தாமுவைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறைக்குக் காரணம் மோரேத் தமிழர்கள். 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு, 1964இல் கடைகளும் மண்டிகளும் நாட்டுடைமை ஆனபோது, இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் பர்மாவை விட்டுப் புறப்பட்டார்கள். கப்பலில் சென்னைக்குப் போனவர்களில் பலருக்கு அங்கே கால் ஊன்றவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் மணிப்பூர் வழியாக நடந்தாவது பிறந்த மண்ணுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்கள். எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டு, அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள். அங்காள பரமேசுவரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் அப்படித்தான் அந்த மலையடிவார ஊரில் எழுந்தன. பர்மியமும் தமிழும் இந்தியும் ஒரே நாக்கில் புரண்டதால், இரு கரைக்கும் நடுவில் நின்று வியாபாரம் செய்வது அவர்களுக்குக் கைவந்த தொழிலாயிற்று. என் தாய்மாமா அங்கே சிறிய கடை வைத்திருந்தார். 2019 டிசம்பரில், மாண்டலேயிலிருந்து பேருந்தில் தாமுவுக்குப் போய் அவரைப் பார்த்த ஐந்து நாட்களில் கண்டவையே இந்த ஆய்வுக்கு அடிப்படை.

இரண்டு கேட்டுகள்

தாமுவுக்கும் மோரேக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். எல்லையைக் கடக்க அங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றாம் நம்பர் கேட் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் நட்புறவுப் பாலம் இருக்கிறது. லாரியும் பாஸ்போர்ட்டும் அந்த வழி. இரண்டாம் நம்பர் கேட்டைத் தாண்டினால் அடுத்த அடியிலேயே பர்மாவின் நன்பாலோன் சந்தை தொடங்கிவிடும். அது நடந்து போகிறவர்களின் வழி. கம்பளி, செருப்பு, குடை, பிளாஸ்க், சீன மின்சாதனங்கள், தாய்லாந்து மிட்டாய் எல்லாம் அந்தச் சந்தையிலிருந்து மோரேக்கு வந்து, அங்கிருந்து இம்பாலுக்கு ஏறும். மருந்து, மாவு, மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகம் போன்றவை எதிர்த்திசையில் வரும். ஒரு மனிதர் தலையில் அல்லது தோளில் சுமக்கக்கூடியதே சரக்கின் அளவு.

ஒரு காலைப்பொழுது முழுவதும் இரண்டாம் நம்பர் கேட்டின் ஓரமாக நின்று பார்த்தேன். கன்னத்தில் தனாக்கா என்னும் மரப்பட்டைக் குழம்பு பூசிய ஒரு பெண், நான்கு கம்பளி மூட்டைகளை ஒன்றாகக் கட்டி, நெற்றியில் பட்டையைக் கொடுத்து முதுகில் தாங்கியபடி வரிசையில் நின்றார். கவுண்டரில் அடையாள அட்டையைக் கொடுத்து, பகல் பாஸ் வாங்கி, மூட்டையோடு உள்ளே போய், அரை மணியில் வெறும் முதுகோடு திரும்பினார். நண்பகலுக்குள் அதே முகத்தை மூன்று முறை பார்த்தேன். அவர் நின்ற இடத்துக்குக் கூரை இல்லை, தரை மண்தரை, போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே இடைவெளியில் முட்டிக்கொண்டார்கள். அன்று மாலை புதிய சாவடியைப் பார்க்கப் போனபோது, அகலமான தளத்தில் லாரிகள் விரல்விட்டு எண்ணும்படி நின்றன. மாமாவிடம் சொன்னேன். "அது லாரிக்குக் கட்டுனது மாப்ளே. நம்ம சனமெல்லாம் இந்தக் கேட்டுலதான்" என்றார்.

கட்டியவர்களைக் குறை சொல்வது எளிது; அவர்கள் எதைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் நிலத் துறைமுக ஆணையத்துக்கு முன்மாதிரியாக இருந்தது 2012இல் பஞ்சாபில் திறக்கப்பட்ட அட்டாரிச் சாவடி. அங்கும் பிறகு மேற்கு வங்காளத்தின் பெட்ராபோலிலும் கடப்பது பெரும்பாலும் லாரி. எல்லை என்றால் லாரி வரிசை என்ற அந்த நினைப்போடு வரைந்த வரைபடத்தை, தலைச்சுமையால் வாழும் ஓர் ஊரில் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே வரிசை இருந்தது உண்மை. அது லாரிகளின் வரிசையாக இருக்கவில்லை.

சட்டம் திறந்ததும் சட்டம் மூடியதும்

எல்லை வர்த்தக ஒப்பந்தம் 1994 ஜனவரியில் கையெழுத்தாகி, 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 22 பொருட்களுக்கு மட்டுமே அனுமதி. 2008இல் அது 40 ஆகவும், 2012இல் 62 ஆகவும் நீண்டது. பண்டமாற்று முறை 2015 டிசம்பர் 1 முதல் நிறுத்தப்பட்டு, வழக்கமான ஏற்றுமதி இறக்குமதி முறை வந்தது. காகிதத்தில் இது முன்னேற்றம். ஆனால் பர்மியப் பணமான சாட்டும் ரூபாயும் கைமாறிப் பழகிய சிறு வியாபாரிக்கு, வங்கிக் கடிதமும் இறக்குமதியாளர் எண்ணும் இல்லாமல் முறையான வழியில் இனி இடமில்லை என்பதே அதன் பொருள். அவர் இரண்டாம் நம்பர் கேட்டோடு நின்றுகொண்டார்.

முறையான வழியில் பர்மாவிலிருந்து போன சரக்கில் முதலிடம் பாக்குக்கு. இங்கேதான் ஒரு கை கட்டியதை இன்னொரு கை அவிழ்த்தது. தென்னிந்தியப் பாக்கு விவசாயிகளைக் காப்பதற்காக, கிலோவுக்கு 251 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பாக்கை இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2018 ஜூலையில் தடைசெய்தது. 2023 பிப்ரவரியில் அந்த வரம்பை 351 ரூபாயாக உயர்த்தியது. விவசாயிகளின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. இந்தோனேசியப் பாக்கு பர்மியச் சான்றிதழோடு நுழைகிறது என்ற புகாரும் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆயினும், தன் முக்கியச் சரக்கின் வழியை அடைத்து ஆறு மாதம் ஆவதற்குள் அதே சரக்குக்காக மதில் சூழ்ந்த சாவடியைத் திறப்பது, ஒரு துறை செய்வது இன்னொரு துறைக்குத் தெரியாமல் நடந்தது போலத்தான் தெரிகிறது. விலை வரம்புக்குக் கீழே விழுந்த பாக்கு வராமல் போய்விடவில்லை. காட்டுப் பாதையில் போயிற்று.

ஆட்கள் கடப்பதில் மட்டும் சட்டம் உண்மையாகவே கதவைத் திறந்தது. 2018 மே மாதம் நேப்பிடாவில் கையெழுத்தான நில எல்லைக் கடப்பு ஒப்பந்தத்தின்படி, அதே ஆண்டு ஆகஸ்ட் 8 முதல் தாமு–மோரே வழியும், சின் மாநிலத்தின் ரிக்கோதார்–ஸோகாவ்தார் வழியும் பன்னாட்டு நுழைவு வாயில்களாயின. அதுவரை சிறப்பு அனுமதிக்காக யாங்கூனுக்கும் இம்பாலுக்கும் எழுதிக் காத்திருந்தவர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருந்தால் நடந்தே கடக்கலாம் என்றாயிற்று. புத்தகயைக்குப் போகும் பர்மிய யாத்திரிகர்கள் இதனால் பயனடைந்தார்கள். உறவு பார்க்கப் போன என்னைப் போன்றவர்களும்தான்.

கடிகாரம், சக்கரம், வீசை

கட்டடத்தால் தீராத மூன்று சிறு விஷயங்களைச் சொல்ல வேண்டும். திட்ட அறிக்கைகளில் இவற்றுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். வாயிலில் நிற்கிறவருக்கு நாள் முழுக்க இவற்றோடுதான் மல்லுக்கட்டு.

முதலாவது நேரம். பர்மாவின் கடிகாரம் இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முந்தியது. இரு கரை அலுவலகங்களும் தத்தம் கடிகாரப்படி காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், தாமுவில் பத்து அடிக்கும்போது மோரேயில் ஒன்பது. மோரேயில் இன்னும் ஒரு மணி நேரம் ஆளில்லை. மாலையில் மோரேயில் நான்கு ஆகும்போது தாமுவில் கதவடைப்பு. ஏழு மணி நேர வேலைநாளில் இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது ஆறு மணி நேரம். இரு பக்கமும் அவரவர் கடிகாரப்படி பகல் உணவுக்கு ஒரு மணி நேரம் எழுந்துபோனால், அதில் இன்னும் இரண்டு மணி நேரம் போய்விடும். ஒரு லாரிக்கு இரு கரை முத்திரையும் வேண்டும் என்றால், உண்மையான வேலைநாள் நான்கு மணி நேரம்தான். எத்தனை ஏக்கரில் வாகனத் தளம் அமைத்தாலும் இந்த நான்கு மணி நேரம் நீளாது. இரு பக்கமும் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உணவு வேளையையும் ஒரே நேரத்தில் எடுத்தாலே நாள் ஒன்றரை மடங்காகும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது சாலையின் பக்கம். இந்தியாவில் வண்டி இடப்பக்கம் போகும். பர்மாவில் 1970 முதல் வலப்பக்கம். ஆக, பாலத்தின் ஏதோ ஒரு முனையில் வருகிற வண்டியும் போகிற வண்டியும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். நாளைக்கு ஐந்து பத்து லாரி போகும் இடத்தில் ஒரு காவலர் கையைக் காட்டிச் சமாளித்துவிடுவார். நூற்றுக்கணக்கில் போக வேண்டுமென்றால், ஒரு சாலை மற்றதன் மேலேறிக் கடக்கும் அமைப்பையோ விளக்கு வைத்த சந்திப்பையோ இரு நாடுகளும் சேர்ந்து வரைய வேண்டும். ஒரு கரைக்காரர் மட்டும் வரைந்தால், அவருடைய மதிலுக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி பாலத்தில் வந்து முடங்கும்.

மூன்றாவது எடை. பர்மாவில் இன்றைக்கும் மூட்டையின் எடையைப் 'பெய்த்தா'வில்தான் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகளில் அதற்கு 'விஸ்' என்று பெயர். விஸ் என்பது நம்முடைய வீசையேதான். சொல் தமிழ், அளவு மட்டும் பர்மாவுக்கே உரியது: பழைய சென்னை வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. தாமுவில் முப்பது வீசை என்று எழுதிய மூட்டை மோரேத் தராசில் 49 கிலோ வரும். சீட்டில் 30, தராசில் 49 என்று பார்த்த ஓர் அதிகாரி, மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் சரக்கை அளவு மீறியது என்று எழுதி இரண்டு நாள் நிறுத்திவைத்தாராம். விளக்கம் சொல்லப் போனவருக்கு இந்தியில் 'பெய்த்தா' என்று சொல்லிப் புரியவைக்கத் தெரியவில்லை. கடைசியில் ஒரு தமிழ்க்கிழவர் போய் 'வீசை' கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டி மூட்டையை மீட்டார்.

வாயிலுக்குப் பின்னால் இருக்கும் சாலை

எங்கள் மண்டிக் கணக்கில் ஒரு செய்தி இருக்கிறது. பர்மா உளுந்து இல்லாமல் தமிழ்நாட்டு இட்லி இல்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பெருமையில் மிகையும் கொஞ்சம் உண்டு. 2021இல் ஏற்பட்ட புரிந்துணர்வுப்படி, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தையும் 1 லட்சம் டன் துவரையையும் ஐந்து நிதியாண்டுகளுக்கு வாங்குவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த உளுந்தில் ஒரு பகுதி சகாய்ங் பிராந்தியத்து மோனிவாச் சுற்றுவட்டாரத்தில் விளைவது. மோனிவாவுக்குத் தாமு கிட்டம். யாங்கூன் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான தூரம். இருந்தும் மூட்டை தெற்கே யாங்கூனுக்கு வந்து, கப்பலேறி, சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போகிறது. ஏன் என்று கணக்குப் போட்டால் விடை எளிது: தாமுவைத் தாண்டினாலும் இம்பாலிலிருந்து சென்னை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கப்பல் கூலியோடு லாரிக் கூலி போட்டியிடவே முடியாது. எனவே இந்திய–பர்மிய வர்த்தகத்தின் பெரும்பகுதியை நிலவழிக்கு இழுத்துவிடலாம் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. வடகிழக்கு மாநிலங்களின் தேவைக்கும் வடமேற்குப் பர்மாவின் தேவைக்கும் பொருந்திய அளவில் சாவடி இருந்தால் போதும்.

அந்த அளவுக்குக்கூடச் சாலை இடம் கொடுக்கவில்லை. தாமுவிலிருந்து கலேமியோவுக்கும் கலேவாவுக்கும் போகும் 160 கிலோமீட்டர் நட்புறவுச் சாலையை இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டி, 2001இல் திறந்தது. தார் நன்றாக இருந்தது, பாலங்கள் பழையவை. அவற்றில் பல, இரண்டாம் உலகப்போர்க் காலத்து இரும்புப் பாலங்கள், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். அந்த வழியில் 69 பாலங்களை மாற்றிக் கட்டும் வேலையை இந்தியா ஏற்றுக்கொண்டது. அது ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி இழுத்துக்கொண்டே போனது. பேருந்தில் வந்தபோது ஒரு பாலத்துக்கு முன்னால் எங்களையெல்லாம் இறக்கி, வெறும் வண்டியை ஓட்டுநர் மெதுவாக அக்கரைக்குக் கொண்டுபோனார், பலகைகள் தாளம்போட்டன, பின்னால் நாங்கள் நடந்தோம். நிறைசுமை லாரி அந்தப் பலகையில் ஏறுமா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மோரேயிலிருந்து இம்பாலுக்கு 110 கிலோமீட்டர். அதில் மலைப்பகுதியில் பாதுகாப்புப் படையினர் மீண்டும் மீண்டும் நிறுத்தி மூட்டையை இறக்கிச் சோதிப்பார்கள். சாவடியில் ஒரே கூரையின்கீழ் முடிந்த சோதனை, மலைமேல் புதிதாகத் தொடங்கும்.

இதையே மியாவாடியோடு ஒப்பிட்டால் விளங்கும். தாய்லாந்தின் மே ஸோட்டுக்கு எதிரேயுள்ள மியாவாடியில் முதல் நட்புறவுப் பாலம் 1997இல் வந்தது. ஆனால் மியாவாடிக்கு இப்பால் தவ்னா மலையைக் கடக்கும் பழைய சாலையில், ஒரு நாள் ஏறுகிற வண்டிகள், மறுநாள் இறங்குகிற வண்டிகள் என்ற முறைதான் இருந்தது. மௌல்மீன் தமிழர்கள் பயணத்தை நாள் பார்த்துத்தான் வைப்பார்கள், ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று. 2015இல் தாய்லாந்து உதவியோடு புதிய மலைச்சாலை திறந்தது. மூன்று மணி நேரப் பயணம் முக்கால் மணி நேரமாயிற்று. அதன் பிறகே, 2019 அக்டோபர் 30 அன்று, கனரக லாரிகளுக்கென்று இரண்டாம் பாலம் திறந்தது. முதலில் சாலை, பிறகு பாலம். பாலத்தோடு இரு கரையிலும் இணைப்புச் சாலை. அங்கேயும் அரசியல் விடவில்லை: 2024 ஏப்ரலில் அந்தப் பாலத்தைச் சுற்றிச் சண்டை நடந்தது, 2025 ஆகஸ்ட் 18 அன்று பர்மிய ராணுவ அரசு அதைச் சரக்குக்கு மூடியது. ஆனால் திறந்திருந்தவரை அங்கே லாரிக்குப் பஞ்சம் வந்ததில்லை.

எதிர்க்கரை

தாமுப் பக்கத்திலும் ஒரு நவீனச் சாவடி வேண்டும் என்பது இரு அரசுகளுக்கும் தெரியாததல்ல. 2020 பிப்ரவரி இறுதியில் அதிபர் ஊ வின் மியின் தில்லி சென்றபோது வெளியான கூட்டறிக்கையில், தாமுச் சாவடியின் முதற்கட்டத்தை விரைவில் தொடங்க இந்தியா துணைநிற்கும் என்ற வாசகமும், ஏப்ரல் 7க்குள் இம்பால்–மாண்டலே பேருந்து ஓடும் என்ற வாசகமும் இருந்தன. சில நாட்களில் எல்லை மூடியது. பதினோரு மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது. அது வரைக்கும் எங்கள் பக்கத்தில், 'லவக' என்று பர்மியர் சொல்லும் குடிநுழைவுத் துறையும் சுங்கமும் தனித்தனிச் சிறு கட்டடங்களில் காகிதப் பேரேட்டை வைத்துக்கொண்டு இருந்தன. ஒரு கரையில் கணினி, மறுகரையில் பேரேடு என்றால், வாயிலின் வேகம் பேரேட்டின் வேகம்தான்.

பிறகு நடந்தவற்றை விரிக்க மனமில்லை. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தாமுவுக்கு வந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே முதல் மணிப்பூர்க் கலவரத்தில் மோரேயின் வீடுகள் எரிந்தன; தமிழர் வீடுகளும் தப்பவில்லை. 2024 பிப்ரவரியில் எல்லை மக்களின் தடையற்ற நடமாட்ட முறையை நீக்கப்போவதாக இந்தியா அறிவித்தது. மோரேயை ஒட்டி வேலி எழுந்தது. அந்த முறை 1968இல் வந்தபோது எல்லையிலிருந்து 40 கிலோமீட்டர் வரை அனுமதி; 2004இல் அது 16 ஆயிற்று; 2024 டிசம்பரில் வந்த புதிய பாஸ் முறையில் 10. வாயில் பெரிதாகப் பெரிதாக, பாஸில் எழுதிய தூரம் சுருங்கிக்கொண்டே வந்தது. தாமுக்காரர் அந்தப் பத்துக்குள் வந்துவிடுவார். கலேமியோவில் கடை வைத்திருக்கும் தமிழர் வரமாட்டார்.

எல்லை மறுபடி முழுமையாகத் திறக்கும்போது, புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதைவிட முதலில் இரண்டாம் நம்பர் கேட்டுக்குச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து. போகிறவருக்கும் வருகிறவருக்கும் தனித்தனி வழி, இரண்டுக்கும் மேலே கூரை, கழிப்பறை, மூட்டையை இறக்கிவைக்க ஒரு திண்ணை. தலைச்சுமை வியாபாரிக்கென்று ஒரு பக்கப் படிவம், அது பர்மியத்திலும் மணிப்பூரியிலும் தமிழிலும். கேட்டின் இரு பக்கமும் ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்கள். கிலோவும் வீசையும் சேர்த்துக் காட்டும் ஒரு தராசு. இவற்றில் எதற்கும் புதிதாக நிலம் எடுக்க வேண்டாம். தாமுவின் முதற்கட்டப் பணி தொடங்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.